முட்டுக் கம்புகளுக்கு நடுவே ஒரு முகூர்த்தம்

எங்கள் சொந்தத்தில் அவசரமான வேலை எதையும் என்னிடம் ஒப்படைக்க மாட்டார்கள். இத்தனைக்கும் நான் கட்டட எஞ்சினியர். இன்ன வேலை இன்ன தேதியில் தொடங்கி இன்ன தேதியில் முடியும் என்று கோடு போட்டுக் கொடுப்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். கம்பெனியில் என் கோட்டுக்கு மரியாதை உண்டு. வீட்டில் கிடையாது. போன வாரம் கேஸ் தீர்ந்துபோனபோது, "நான் புக் பண்ணட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டேன். என் மனைவி, "வேண்டாங்க, சீக்கிரம் வரணும்," என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

இதற்கெல்லாம் காரணம் கொல்லிமலையில், செம்மேட்டில், என் இருபத்தாறாவது வயதில் நான் போட்ட ஒரு கான்கிரீட் தளம். போட்ட என்று சொல்வதுகூடத் தப்பு. போட முயன்ற என்று சொன்னால்தான் எங்கள் அத்தை ஒப்புக்கொள்வார்.

அதுவரை நான் தனியாக நின்று கட்டியவை ஒரு காம்பவுண்டு சுவரும், ஒரு பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் நிறுத்தும் கொட்டகையும். அந்த அனுபவச் செருக்கோடு சேலத்தில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த பயிற்சி வகுப்புக்குப் போனேன். விரைவுக் கட்டுமானம் என்பது பாடம். டை கட்டிய ஒருவர் வந்து, "ஒரு வேலை முடிந்த பிறகு அடுத்த வேலை என்பது பழைய காலத்து முறை. ஒன்று நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தொடங்குங்கள். எதுவும் எதற்காகவும் காத்திருக்கக் கூடாது," என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சான்றிதழும் ஒரு சமோசாவும் கொடுத்தார்கள். சான்றிதழை வாங்கும்போதே சமோசாவைக் கடித்தேன், பாடம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது.

திரும்பி வந்த நேரத்தில் பெரிய மாமா கூப்பிட்டு அனுப்பினார். பெரிய மாமா என் அம்மாவின் மூத்த தம்பி. செம்மேட்டில் மிளகு, காப்பிக்கொட்டை வியாபாரம். அவருக்குக் கீழே சின்ன மாமா. சின்ன மாமாவுக்கு மலையடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபம். அந்த மண்டபத் திறப்பு விழாவில் பெரிய மாமாவுக்கு இரண்டாவது வரிசையில் நாற்காலி போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். (முதல் வரிசையில் உட்கார்ந்தவர் பேங்க் மேனேஜர். கடன் கொடுத்தவரைப் பின்னால் உட்கார வைக்க முடியுமா என்பது சின்ன மாமாவின் கட்சி.) அன்றைக்கு இலையிலிருந்து எழுந்து மலையேறிய பெரிய மாமா, அதன்பின் தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சேந்தமங்கலத்தில் அந்த மண்டபம் இருக்கும் தெருவில் பஸ் போனால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

இப்போது பெரிய மாமாவின் ஒரே மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தை மாதக் கடைசியில் முகூர்த்தம். எல்லோரும் அவள் சித்தப்பா மண்டபத்தில்தான் நடக்கும், அந்தச் சாக்கில் அண்ணன் தம்பி சேர்ந்துவிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். பெரிய மாமா ஆவணி மாதம் ஒரு நாள் காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் என்னை நிறுத்தி, கையை நீட்டிக் காட்டினார்.

"மாப்ளே, இந்த எடத்துல ஒரு மண்டபம் வரோணும். கவிதா கல்யாணம் இதுலதான்."

"மாமா, தைக்கு இன்னும் அஞ்சு மாசந்தானுங்க இருக்குது."

"அதுக்குத்தான உன்னயக் கூப்புட்டேன். நீ என்னமோ வெரசா கட்டறதுக்குன்னே படிச்சுப்போட்டு வந்திருக்கறயாமா?"

பக்கத்தில் நின்ற அத்தை, "பையன உசுப்பேத்தாதீங்க," என்றார். உசுப்பேறியவன் நான். முடியும் என்று சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பந்தல் கட்டக் காசு செலவு பண்ண வேண்டாம், பத்திரிகையில் மண்டபத்தின் பெயரையே போடுங்கள் என்றும் சொன்னேன். மாமா அன்றைக்கே பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டார். இல்லாத மண்டபத்தின் முகவரியோடு ஆயிரம் பத்திரிகை வந்து இறங்கியது.

ஆக, என் தலையில் இருந்தது ஒரு கட்டடம் மட்டுமல்ல. தை மாசத்தில் அந்த மண்டபம் நிற்காவிட்டால், பெரிய மாமா ஆயிரம் பேருக்கு முன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி மண்டபத்துக்குப் படியிறங்க வேண்டும். அந்த மனிதர் அதைவிட மலையிலிருந்து குதிப்பார். கவிதா என்னிடம் தனியாக, "மச்சான், கூரை இல்லாட்டியும் பரவால்ல, எங்கப்பா மானம் போகாம பாத்துக்க," என்றாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். வகுப்பில் படித்த சிரிப்பு அது.

கால அட்டவணை தயாரித்தேன். சாதாரணமாகத் தாளில் அடிப்பார்கள். நான் சேந்தமங்கலத்தில் பிளக்ஸ் கடையில் கொடுத்து, பத்தடிக்கு ஆறடியில் அடித்தேன். பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் கோடுகள். ஒரு கோடு முடிவதற்குள் அடுத்த கோடு தொடங்கிவிடும். பார்க்கவே வேகமாக இருக்கும். மாமா தன் படம் வேண்டும் என்றார், போட்டேன். அவர் படம் இருந்தால் என் படமும் இருக்க வேண்டுமல்லவா? போட்டேன். இருவரும் கும்பிட்டபடி நின்றோம். பிளக்ஸ் கடைக்காரர் தன் பங்குக்கு ஓரங்களில் இரண்டு குத்துவிளக்கு சேர்த்துக் கொடுத்தார். ஊர் ஜனங்கள் சந்தைக்கு வரும்போது நின்று பார்த்துவிட்டு, எலக்சனா என்று கேட்டுப் போனார்கள்.

வரைபடம் முடிவதற்கு முன்னாலேயே அஸ்திவாரம் தோண்டினேன். விரைவு முறையில் அது குற்றமில்லை. என்ன, சமையல்கட்டு மூன்று தடவை இடம் மாறியது. கடைசியில் சமையல்கட்டுக்கும் பந்தி நடக்கும் இடத்துக்கும் நடுவே கதவு வைக்க மறந்து சுவரை எழுப்பிவிட்டு, அதை இடித்தோம். கட்டும்போதே இடிப்பதும் ஒரு வகையில் இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடப்பதுதான் என்று மாமாவிடம் விளக்கினேன். அவர் தலையாட்டினார். அவ்வளவு நம்பிக்கை.

எப்படியோ கார்த்திகைக் கடைசியில் தூண்கள் நின்று, சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, மேல்தளம் கான்கிரீட்டுக்குத் தயாரானது. கீழே கூட்டம் உட்கார வேண்டிய இடம் முழுக்க சவுக்குக் கம்புகள். இரண்டடிக்கு ஒன்று. கான்கிரீட் இறுகும்வரை பலகையைத் தாங்க வேண்டிய முட்டுகள். தளம் போட்டு மூன்று வாரம் கழித்து அவற்றை எடுத்துவிட்டு, மார்கழியில் பூச்சும் பெயிண்டும் அடித்தால், தையில் கெட்டிமேளம். கணக்கு கச்சிதம்.

தளம் போடுவதற்கு முன் எங்கள் பக்கம் கருப்பனுக்குக் கிடா வெட்டுவார்கள். வேலை செய்கிறவர்களுக்கு அன்று கறிச்சோறு. இதில் ஒரு விஷயம் உண்டு. கிடாவைச் சும்மா வெட்டிவிட முடியாது. பூசாரி அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். அது உடம்பைச் சிலிர்த்து ஒரு உதறு உதற வேண்டும். துளுக்குவது என்பார்கள். துளுக்கினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். துளுக்காவிட்டால் சாமிக்கு ஏதோ மனக்குறை.

இதையும் நான் பிளக்ஸில் சேர்த்திருந்தேன். "பூஜை, கிடா உத்தரவு: பத்து நிமிடம்" என்று ஒரு சின்ன ஊதாக் கோடு. மாமா மட்டும் சந்தேகப்பட்டார்.

"ஏன் மாப்ளே, அது குடுக்கறப்பத்தான குடுக்கும்?"

"சராசரியாப் போட்டிருக்கறேனுங் மாமா."

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மாற்று ஏற்பாடும் செய்தேன். நிச்சயமில்லாத வேலைக்கு எப்போதும் ஒரு உபரி வைத்துக்கொள்ள வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆகவே இரண்டு கிடா வாங்கினேன். முதல் கிடா தாமதித்தால், உடனே இரண்டாவது. இந்த யோசனை வந்த அன்று எனக்கு என்மேலேயே மரியாதை கூடிப்போனது.

கான்கிரீட் நாள். ரெடிமேட் கான்கிரீட் லாரிக்காரர்களை முன்பே கேட்டுப் பார்த்திருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவு என்றதும் போனை வைத்துவிட்டார்கள். அதனால் சேந்தமங்கலத்திலிருந்து கலவை மிஷினும் அதோடு நான்கு ஆட்களும் வந்திருந்தார்கள். சட்டி தூக்க மலையிலிருந்தே ஒரு குழு. குழுத் தலைவி பாப்பாத்தியக்கா. காலையில் வந்ததும் அவர் கம்பியையும் பார்க்கவில்லை, சிமெண்டையும் பார்க்கவில்லை. இரண்டு கிடாவையும் தடவிப் பார்த்துவிட்டு, "எளசா இல்லையே சாமி," என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

பூசாரி வந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். உத்தரவு வந்தபின் கலவை போட்டால் அரைமணி நேரம் வீண். உத்தரவு வரும்போதே கலவை தயாராக இருந்தால்? எதுவும் எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. மிஷினை ஓட்டச் சொன்னேன்.

"உத்தரவு வரட்டுமே சாமி," என்றார் பாப்பாத்தியக்கா.

"அது வந்துரும்க்கா."

அவர் ஆட்கள் நகரவில்லை. மிஷினோடு வந்த நால்வரும் கீழ்நாட்டுக்காரர்கள், மலைச் சாமியோடு அவர்களுக்குப் பழக்கம் கிடையாது. அவர்களை வைத்துக் கட்டடத்தின் பின்பக்கமாக, சத்தமில்லாமல், தளத்தின் ஒரு மூலையில் கொட்ட ஆரம்பித்தேன். (கலவை மிஷின் சத்தமில்லாமல் ஓடாது. ஆனால் நான் அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.)

பூசாரி தண்ணீர் தெளித்தார். கிடா நின்றது. இன்னொரு தடவை தெளித்தார். கிடா எதிரிலிருந்த வேலியிலிருந்து ஒரு இலையைப் பறித்துத் தின்றது. பத்து நிமிடம் போனது. என் ஊதாக் கோடு முடிந்துவிட்டது. கிடாவுக்கு அது தெரியவில்லை.

"ஏதாச்சும் கொறை இருக்குதுங்களா?" என்று பூசாரி மாமாவைக் கேட்டார்.

"ஒரு கொறையும் இல்லீங்க," என்றார் மாமா.

அங்கே ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். ஐம்பது பேரும் வானத்தைப் பார்த்தார்கள். யாருக்கும் தெரியாத குறையா? அத்தை மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே, "கூடப் பொறந்தவன உட்டுப்போட்டு மண்டபம் கட்டுனா சாமி கையத் தட்டுமாக்கும்," என்றார். மாமா திரும்பிப் பார்த்த பார்வையில் அத்தை வாயை மூடிக்கொண்டார். கிடா அடுத்த இலைக்குப் போனது.

மிஷின்காரர் என்னிடம் வந்து, "ஏனுங்க, டிரம்முக்குள்ள இருக்கறது இறுக ஆரம்பிச்சுரும்ங்க. மேல போட்டதும் பாதில நிக்குது," என்றார். மேலே மேகம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் என் மூளை ஒரு தீர்வைக் கண்டுபிடித்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கத்தில் காது சுடுகிறது.

ஆட்டின் காதில் தண்ணீர் போனால் அது தலையை உதறும். இதற்கு எஞ்சினியரிங் படிக்க வேண்டியதில்லை. பூசாரி கண்ணை மூடிக் கும்பிட்ட சமயம், பக்தியோடு குனிவதுபோல் குனிந்து, என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கிடாவின் காதில் கவிழ்த்தேன். கொஞ்சம் போதும். நான் அரை பாட்டிலை ஊற்றிவிட்டேன். திட்டமிடலில் எப்போதும் உபரி வைப்பது என் பழக்கம்.

கிடா உதறவில்லை. துள்ளியது. கயிற்றை அறுத்துக்கொண்டு, பூசாரியைத் தாண்டி, சட்டி தூக்குவதற்காக நான் போட்டிருந்த பலகைப் பாதையில் ஏறி, நேராக மேல்தளத்துக்குப் போய்விட்டது. அந்தப் பலகைப் பாதையை ஆட்கள் ஏறுவதற்குச் செங்குத்தாக இருக்கிறது என்று பாப்பாத்தியக்கா முந்தின நாள் குறை சொல்லியிருந்தார். கிடாவுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. மேலே போய், ஈரக் கான்கிரீட்டில் முழங்கால் வரை இறங்கி நின்றது. நின்றபின், ஐம்பது பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, தலையிலிருந்து வால்வரை அப்படி ஒரு துளுக்குத் துளுக்கியது. கீழே நின்ற எல்லோர் முகத்திலும் சிமெண்டுப் பால் தெறித்தது.

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"உத்தரவு வந்துருச்சுங்க," என்றேன்.

பூசாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். நான் ஆடு திருடின கள்ளன் மாதிரி முழித்தேன். (இந்த இடத்தில் வேறு உவமை தேட வேண்டிய அவசியமில்லை.) பிறகு வேலியோரம் கட்டியிருந்த இரண்டாவது கிடாவைப் பார்த்தார்.

"அது எதுக்குங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். நான் விளக்கினேன். முதல் கிடா உத்தரவு கொடுக்காவிட்டால் நேரம் வீணாகாமல் இருக்க ஒரு மாற்று ஏற்பாடு என்று, கையை ஆட்டி, வகுப்பில் கேட்ட தொனியில் விளக்கினேன்.

"அப்ப சாமி முடியாதுன்னு சொன்னா, வேற ஆட்டக் கேப்பீங்களா?" என்றார் பூசாரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் மோசம்.

தீர்ப்பு உடனே வந்தது. காதில் தண்ணீர் ஊற்றி வாங்கினது உத்தரவு ஆகாது. மேலே போன கிடா இனிமேல் சாமியுடையது, அதை வெட்டக் கூடாது, கோயிலுக்கு விட்டுவிட வேண்டும். இரண்டாவது கிடா சாமியைச் சந்தேகப்பட்டு வாங்கினது, அதையும் தொடக் கூடாது. வீட்டுக்காரர் மனசில் இருக்கிற குறையைத் தீர்த்துக்கொண்டு, இன்னொரு நாள், புதுக் கிடாவோடு கூப்பிட வேண்டும்.

"அப்ப இன்னிக்குக் கறி?" என்றார் பாப்பாத்தியக்கா.

இல்லை என்று தெரிந்ததும் அவர் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறினார். அவர் குழு முழுக்க உதறியது. "கறிச்சோறு இல்லாம தளமாங்க? எங்கயாச்சும் கேட்டிருக்கறீங்களா?" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். நான் பின்னாலேயே ஓடி, ஓட்டலில் பிரியாணி வாங்கித் தருவதாகச் சொன்னேன். "எந்த ஓட்டலு?" என்று நின்று கேட்டார். சொன்னேன். மறுபடி நடந்துவிட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. கலவை மிஷினுக்குள்ளேயே இறுகிவிட்டது. மூலையில் போட்ட கான்கிரீட் குளம்புத் தடத்தோடு கல்லானது. சிமெண்டு மூட்டைகள் நனையாமல் இருக்க மூடுவதற்கு ஏதாவது வேண்டும் என்று தேடியபோது, மாமா போய் என் பிளக்ஸை அவிழ்த்துக்கொண்டு வந்து போர்த்தினார். அவர் படம் மடிப்பின் உள்பக்கம் போய்விட்டது. நான் மட்டும் மழையில் கும்பிட்டுக்கொண்டு கிடந்தேன். அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த வாரம் பூராவும் மழை. அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் கருப்பனிடம் வாக்குக் கேட்பதில்லை என்று பூசாரி சொல்லிவிட்டார். உத்தரவில்லாமல் தளம் போட மாமாவும் துணியவில்லை, மகள் கல்யாணம். என் பச்சை மஞ்சள் கோடுகளில் மார்கழி என்ற ஒரு மாதம் இருந்தது. ஆனால் மார்கழி என்றால் என்ன என்று நான் யோசித்திருக்கவில்லை. இந்த மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்து, வீட்டில் வருசா வருசம் மார்கழியைப் பார்த்தவன்.

பொங்கல் கழிந்ததும் மறுபடி பூசாரி. அதற்கு முந்தின நாள் மாமா போனை எடுத்துக்கொண்டு களத்தின் ஓரத்துக்குப் போனார். யாரிடம் பேசினார் என்று எல்லோருக்கும் தெரியும். காற்று எங்கள் பக்கம் அடித்ததால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"கல்யாணத்துக்கு வந்துரு. ஆனா ஒண்ணு, மண்டபத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, மாமா போனை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். மறுநாள் புதுக் கிடா தண்ணீர் பட்ட மாத்திரத்தில் துளுக்கியது. தளம் போட்டோம். பாப்பாத்தியக்கா மூன்று தடவை கறி வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் கல்யாணத்துக்கு இருந்தது இரண்டு வாரம். முட்டுகளை மூன்று வாரத்துக்கு எடுக்க முடியாது. நான் மாமாவிடம் போய் நின்றேன். அரைமணி நேரம் சுற்றி வளைத்தபிறகு, கல்யாணத்தன்று மண்டபத்துக்குள் முந்நூறு சவுக்குக் கம்புகள் நிற்கும் என்பதைச் சொன்னேன். வேறு வழி சேந்தமங்கலம்தான் என்பதையும் சொன்னேன்.

மாமா மிளகு மூட்டையின் வாயை இழுத்துக் கட்டினார். "கம்புக்கு நடுவுல நின்னு தாலி கட்டுனா தாலி ஏறாதா?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஊரில் இருந்த பழைய பட்டுத்துணி, வாயில் புடவை எல்லாவற்றையும் அத்தை வாங்கிக் கம்புகளுக்குச் சுற்றினார். சீரியல் லைட்டும் மாவிலையும் கட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸிலிருந்து இறங்கி வாசலில் வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா உள்ளே பார்த்துவிட்டு, "இதென்னங்க, தோப்புக்குள்ள கட்டியிருக்கறீங்க?" என்றார்.

"எங்கக்கா பையன் எஞ்சினியருங்க. புது மாதிரி போட்டிருக்கறான்," என்றார் மாமா. அந்த நிலைமையிலும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஒரு கம்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வசதியாகத்தான் இருந்தது.

அன்று முழுக்க நான் தரையோடு தரையாகத் திரிந்தேன். ஒவ்வொரு முட்டுக்கும் அடியில் ஒரு மர ஆப்பு இருக்கும். அதைத் தட்டிவிட்டால் முட்டு தளர்ந்துவிடும். கல்யாணத்துக்கு வந்த குழந்தைகளுக்கு அதைவிட அருமையான விளையாட்டு கிடைக்குமா? நான் ஒரு ஆப்பை அடித்து இறுக்கினால் பின்னால் இரண்டை உருவினார்கள். மணவறையில் மந்திரம் ஓதும் நேரத்தில் நான் கையில் சுத்தியலோடு மாப்பிள்ளையின் காலுக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். போட்டோக்காரர் ஒரு கோணம் தேடி மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தாலி கட்டுகிற கையை எடுத்தார், முகம் கிடைக்கவில்லை. பந்தியில் ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவே ஒரு கம்பு. சாம்பார் வாளிக்காரர் வளைந்து வளைந்து வந்ததைப் பார்த்தால் மலை ரோட்டில் பஸ் ஏறுவது போலவே இருந்தது.

ஜனங்கள் மட்டும் சங்கடப்படவே இல்லை. கம்புக்குக் கம்பு புடவையைக் கட்டித் தொட்டில் போட்டார்கள். பையை மாட்டினார்கள். சாப்பிட்டவர்கள் ஆளுக்கொரு கம்பில் சாய்ந்துகொண்டார்கள். இவ்வளவு சௌகரியமான மண்டபத்தைக் கண்டதில்லை என்று ஒருவர் மனதாரச் சொன்னார். நான் அவர் சாய்ந்திருந்த கம்பின் ஆப்பைச் சரிபார்த்தேன்.

சின்ன மாமா வந்தார். மொய் வைத்தார், கவிதாவின் தலையில் கை வைத்தார். அப்புறம் மண்டபத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு கம்பையும் பார்த்தார். ஒன்றைத் தொட்டார். அண்ணாந்து தளத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை, கொடுத்த வாக்கை அப்படிக் காப்பாற்றினார். பெரிய மாமா வாசலில் வருகிறவர்களைக் கும்பிட்டபடி ஓரக்கண்ணால் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன மாமா இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பியதும் அவரால் தாங்க முடியவில்லை. போய்க் குறுக்கே நின்றார்.

"ஏன்டா, ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டா."

"பேசக் கூடாதுன்னு சொன்னீங்களேங்ணா."

"இப்பச் சொல்றேன், பேசு."

சின்ன மாமா நிதானமாக இன்னொரு தடவை மண்டபத்தைப் பார்த்தார். "தூணு இன்னுங் கொஞ்சம் போட்டிருக்கலாங்ணா," என்றார்.

பெரிய மாமாவின் முகம் சிவந்தது. அடித்துவிடப் போகிறார் என்று நினைத்து நான் சுத்தியலோடு எழுந்தேன். அவர் தோள் குலுங்கியது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சத்தமாகச் சிரித்தார். சின்ன மாமாவும் சிரித்தார். ஆளுக்கொரு கம்பைப் பிடித்துக்கொண்டு இருவரும் கண்ணில் தண்ணீர் வர வர ஏதேதோ பேசிச் சிரித்தார்கள், அதில் பாதி என்னைப் பற்றி. சமையல்கட்டு வாசலில் நின்ற என் அம்மா இந்தப் பக்கம் அழுதார், அந்தப் பக்கம் அத்தை அழுதார். பந்தியில் பெரிய மாமா தம்பியைத் தன் பக்கத்தில் உட்கார வைக்கப் பார்த்தார். நடுவில் கம்பு இருந்தது. இரண்டு பேரும் எட்டி எட்டிப் பார்த்துப் பேசியபடி சாப்பிட்டார்கள்.

கெடு முடிந்ததும் முட்டுகளைப் பிரித்தோம். தளம் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. அதை யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை, நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு. எல்லாக் கம்பையும் லாரியில் ஏற்றியபோது, மேடைக்குப் பக்கத்தில் நின்ற ஒன்றை மட்டும் மாமா எடுக்க விடவில்லை. கல்யாண ஞாபகமாக இருக்கட்டும் என்று சொல்லி அதற்குப் பச்சைப் பெயிண்டும் அடித்துவிட்டார். அதற்கு எங்கள் வீட்டார் வைத்த பெயர் எஞ்சினியர். மாலையை எஞ்சினியர் மேல மாட்டு, செருப்பை எஞ்சினியர்கிட்ட விடு என்று ஆரம்பித்தது. மண்டபத்தை வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கும் பழகிவிட்டது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக செம்மேட்டுக்குப் போயிருந்தேன். பந்தி விசாரித்துக்கொண்டிருந்தவர் என்னை யாரென்று தெரியாதவர். "எஞ்சினியருக்குப் பக்கத்துல ஒரு எல காலியா இருக்குதுங்க, போய் உக்காருங்க," என்றார். போய் உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்ததும் களைப்பாக இருந்தது. கம்பில் சாயலாமா என்று ஒரு கணம் தயங்கி, பழைய பழக்கத்தில் குனிந்து அடியில் ஆப்பு இருக்கிறதா என்று தேடினேன். பக்கத்து இலைக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"பயப்படாம சாஞ்சுக்குங்க," என்றார் கனிவாக. "எஞ்சினியரு எதையும் தாங்கறதில்லீங்க. சும்மாதான் நிக்கறாரு."